கழிக்கப்பட்ட ஒலியின் கதை

பெரியதொரு நாவலைச் சிறிய ஏட்டில் அடக்க இரண்டு வழிகள் உண்டு. சுருக்கெழுத்தில் எழுதி வைக்கலாம். அதனை அறிந்தவர் ஓர் எழுத்தும் பிசகாமல் விரித்தெழுதிவிடுவார். அல்லது மாணவர் பதிப்பாகச் சுருக்கலாம். கதை கிடைக்கும், ஆசிரியரின் நடை கிடைக்காது. அதைக் கொண்டு மூலநூலை எவராலும் மீட்க இயலாது. கணனியில் ஒலியைச் சேமிப்போர் முன் உள்ள தெரிவும் இதுவே.

இறுவட்டு 1982இல் விற்பனைக்கு வந்தது. செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிற்றுகளில் அது பதிகிறது. இரு தடங்களையும் கூட்டினால் செக்கனுக்கு 14 இலட்சம் பிற்றுகளுக்கு மேல். தொலைபேசிக் கம்பி இச்சுமையைத் தாங்காது. ஆயினும் அவ்வழியே இசையை அனுப்பலாம் என்று நம்பினார் ஜேர்மனியின் ஏர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீற்றர் சைற்சர். அந்த வேலை அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கிடம் வந்து சேர்ந்தது.

பிராண்டன்பேர்க் பற்றிக்கொண்டது மனிதச் செவியின் பலவீனத்தை. தவிலில் அடி விழும் கணத்தில் பக்கத்திலிருப்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்குமா? கேளாததற்கு ஏன் இடம் ஒதுக்க வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே 1995இல் 'எம்.பி.3' என்று பெயர் சூட்டப்பட்ட முறை. செக்கனுக்கு 128 கிலோபிற் என்ற அளவில், இறுவட்டின் பதினொன்றில் ஒரு பங்கு இடமே அதற்குப் போதும்.

ஆனால் முறை தேறிவிட்டது என்றிருந்த வேளையில் ஒரு பெண்குரல் குறுக்கிட்டது. சுசான் வேகா பக்கவாத்தியம் எதுவுமின்றிப் பாடிய 'ரொம்ஸ் டைனர்' என்ற பாடல் அது. 1987இல் வெளிவந்த அவரது இசைத்தொகுப்பில் உள்ளது. சுருக்கிக் கேட்டபோது குரல் சிதைந்து கிடந்தது. காரணம் எளிது. வாத்தியங்கள் முழங்கினால் அவற்றின் பின்னே பிழைகள் ஒளிந்துகொள்ளும். தனிக்குரலில் ஒளிய இடமேது? பிராண்டன்பேர்க் அப்பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தம் முறையைத் திருத்தினார்.

மற்ற வழி, சுருக்கெழுத்து வழி, இத்துணைப் புகழ் பெறவில்லை. ஜொஷ் கோல்சன் 2001இல் வெளியிட்ட 'ஃபிளாக்' அதில் முதன்மையானது. முந்திய அளவுகளைக் கொண்டு அடுத்ததை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அது குறித்து வைக்கிறது. விரித்தால் ஒரு பிற்றும் குறையாது. ஆனால் இடம் பெரும்பாலும் பாதியளவே மிச்சமாகும். இசைக்கேற்ப அதுவும் கூடும் குறையும்.

பஸ்ஸில் பாட்டுக் கேட்க எம்.பி.3 தாராளமாகப் போதும். அதில் குறை காண்பது வீண் பிடிவாதம் என்பேன். மறைந்த தந்தையின் குரல் பதிந்த பழைய ஒலிநாடாவைக் கணனிக்கு மாற்றுவதோ வேறு சங்கதி. நாடா நாளை உதிர்ந்துவிடலாம். எம்.பி.3 ஆக்கியதைப் பின்னர் ஃபிளாக் ஆக மாற்றினாலும் போனது போனதுதான். ஒலி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேசச் சங்கமும் காப்புப் பிரதிக்குக் கழிவுமுறைச் சுருக்கத்தை ஏற்பதில்லை.

அப்படிக் கழிந்தது எப்படி ஒலிக்கும்? றையன் மகுவயர் என்ற அமெரிக்க இசையாளர் 2014 அளவில் அதனைத் தேடினார். அதே 'ரொம்ஸ் டைனர்' பாடலில் எம்.பி.3 கைவிட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய இசைப்படைப்பு ஒன்றை ஆக்கினார். வேகாவின் குரல் அதில் ஆவிபோல் எழுந்து மறைகிறது. இப்படிக் கழித்துப் பார்க்க, சிதையாத மூலப்பதிவு அவர் கையில் இருந்தது.