7 வருஷம் ஓதியும் டிகிரி இல்லையா? அரபிக் கல்லூரி 'ஸனது' பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் ஒரு மீலாது விழா போஸ்டரைப் பாருங்கள். பேச வரும் ஹஜ்ரத்தின் பெயருக்குப் பின்னால் 'யூஸுஃபி', 'பாகவி' என்று ஏதாவது இருக்கும். அது குடும்பப் பெயர் இல்லை, படித்த இடத்தின் அடையாளம். திண்டுக்கல் யூஸுஃபிய்யா அரபிக் கல்லூரியில் ஓதியவர் யூஸுஃபி. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் பாகவி.

ஆனால் இந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா?

என்ன படிக்கிறார்கள்?

ஆலிம் படிப்பு பெரும்பாலும் 7 ஆண்டு. அரபு இலக்கணம், குர்ஆன் விரிவுரை, ஹதீஸ், மார்க்கச் சட்டம் ஆகியவை முக்கியப் பாடங்கள். 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த 'தர்ஸே நிஜாமி'தான் இந்தியாவின் பல மதரஸாக்களுக்கு அடிப்படை. தர்க்கம், கணிதமும் அதில் உண்டு. அரசு நிர்வாகத்துக்கும் ஆள் தயார் செய்த, அந்தக் காலத்து மாடர்ன் சிலபஸ் அது!

முடித்தால் கிடைப்பது 'ஸனது'. ஆசிரியர், அவருடைய ஆசிரியர் என்று நீளும் சங்கிலியில் மாணவரையும் சேர்க்கும் சான்று.

சிக்கல் எங்கே?

யுஜிசி சட்டம் 1956, பிரிவு 22படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்த நிறுவனம் மட்டுமே டிகிரி தர முடியும். 2024 நவம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச மதரஸா கல்விச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் அந்த வாரியம் தந்த 'காமில்' (இளநிலை), 'ஃபாஸில்' (முதுநிலை) பட்டங்கள் செல்லாது என்றது. காரணம், இதே பிரிவு 22.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

இங்கே உ.பி. போல மதரஸா வாரியம் இல்லை. அதனால் நேரடி பாதிப்பு இல்லை. ஆனால் யுஜிசி விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

வழியே இல்லையா என்றால், இருந்தது. தமிழுக்கு 'வித்வான்' தேர்வு நடத்திய சென்னைப் பல்கலைக்கழகம், அரபிக்கு 'அப்ஸலுல் உலமா' தேர்வு நடத்தியது. திண்டுக்கல் அருகிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனமாகத் தொடங்கிய காந்திகிராமம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. வண்டலூர் கிரசன்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கல்விக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

மாணவர் கவனிக்க வேண்டியது

ஓதும்போதே 10, 12ஆம் வகுப்புகளைத் தனித்தேர்வராக எழுதிவிடுவது நல்லது. பிளஸ் 2 முடிக்காமல் நேரடியாக வாங்கும் திறந்தநிலைப் பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. பிளஸ் 2 கையில் இருந்தால் தொலைநிலையில் பி.ஏ. சேரலாம்; திருச்சி ஜமால் முகமது போன்ற கல்லூரிகளில் அரபியே படிக்கலாம்.

இரண்டையும் சேர்த்தால் ஓதுவதன் ஆழம் குறையும் என்ற கவலை ஆலிம்களிடம் உண்டு. 12 வயதில் மதரஸாவில் சேரும் பையனுக்கு 20 வயதில் வேறு வாசலும் திறந்திருக்க வேண்டும் என்பது பெற்றோரின் கவலை. ஸனது இருந்தால் பள்ளிவாசலில் இமாமாக நிற்கலாம். பி.எட். சேர வேண்டும் என்றால் டிகிரிதான் கேட்பார்கள்.