மூன்றாம் நாள் வீக்கம்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பார்கள். ஞானப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் விஷயத்தில் இது இரண்டு மூன்று நாளைக்கு மெய்யாகவே பலித்துவிடுகிறது. கன்னம் உப்பி, வாய் திறக்க முடியாமல், கஞ்சியே கதியென்று கிடக்கிறார் மனிதர்.

பிடுங்கும்போது உண்டாகும் வலியை நாம் வென்று வெகு காலமாயிற்று. 1844 டிசம்பர் 11-ந் தேதி அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்துவிட்டுத் தம் கடைவாய்ப் பல் ஒன்றையே பிடுங்கச் சொன்னார். வலி தெரியவில்லை! அந்த வித்தை மெள்ள மெள்ள நம் ஊர்களுக்கும் வந்தது. புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது 1823-ல். சென்னையில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியதோ 1953-ல்தான். இன்று பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அபிஷேகப்பாக்கத்துக்காரர் பல்லுக்காகப் பட்டணம் போக வேண்டியதில்லை.

ஆனால், பிடுங்கிய பிறகு? வீக்கம் உச்சத்துக்கு ஏறுவது இரண்டாம் மூன்றாம் நாளில். அப்போது வைத்தியர் பக்கத்தில் இல்லை. நம் பாட்டிமார் பற்றுப் போட்டார்கள். டாக்டர்கள் ஐஸ் ஒத்தடமும் மாத்திரையும் கொடுத்தார்கள்.

1970-களில் ஜப்பானியரான கென்ஸோ காஸே, தோலைப் போலவே இழுபடும் பருத்தி நாடா ஒன்றை உருவாக்கினார். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் வீரர்களின் தோளில் அதை உலகமே பார்த்தது. அந்த நாடா கன்னத்துக்கும் வந்தது. அடிப்பகுதியைக் காறை எலும்பருகே ஒட்டி, கீறிய வால்களைக் கன்னத்தின் மேல் விரிக்கிறார்கள். தோல் சற்றே மேலெழும்ப, தேங்கிய நிணநீர் வடிய வழி கிடைக்கும் என்பது கருத்து. 2014-ல் ஜெர்மானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஞானப் பல் எடுத்தவர்களுக்கு இதனால் வீக்கமும் வலியும் குறைந்தன. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. வலியைப் பற்றியும் வாய் திறப்பதைப் பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு.

ஆகவே, இது மந்திரக் கயிறு அல்ல. டாக்டரின் கைக்கு உதவியாக நிற்கும் சிறு துணை. நாள் போகப் போக வீக்கம் ஏறினாலும், காய்ச்சல் கண்டாலும், நாடாவை நம்பிக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

உத்தியோகஸ்தர் லீவு போட்டுப் படுத்துக்கொள்ளலாம். நடவு வயலில் கூலிக்கு நிற்பவளுக்கு மூன்று நாள் என்பது மூன்று நாள் கூலி அல்லவா? பல்லைப் பிடுங்கியதோடு வைத்தியம் முடிந்துவிடவில்லை என்று ஒருவர் யோசித்ததே பெரிய காரியம்தான்.