கட்டியக்காரனுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

துரியோதனன் கொலுவில் இருக்கிறான். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, முகத்தில் அரை அங்குலத்துக்கு அரிதாரம். மூன்று உலகமும் நடுங்குகிற மாதிரி ஒரு விருத்தம் பாடி முடிக்கிறான். பக்கத்தில் நிற்கிற கட்டியக்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டே, 'எல்லாம் சரி ராஜா, ரேஷன்ல பாமாயில் வந்துச்சா?' என்கிற ரீதியில் ஏதாவது கேட்பான். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. விடிய விடிய நடக்கிற பாரதக் கூத்தில் ராஜாக்கள் எல்லாம் புராணத்தில் இருப்பார்கள். கட்டியக்காரன் மட்டும் நம்மோடு, இன்றைய தேதியில், நம் பாஷையில் பேசிக்கொண்டிருப்பான். ராஜாவைக் கிண்டலடிப்பான். மந்திரியைக் கிண்டலடிப்பான். போகிறபோக்கில் தாசில்தாரையும் ஒரு பிடி பிடிப்பான்.

எப்படி முடிந்தது அவனால்? தைரியமா? தைரியம்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நான் காமர்ஸ் படித்தவன். கலையைப் பார்த்தாலும் கண் முதலில் வரவு செலவுக்குத்தான் போகும்.

அவனுக்குச் சம்பளம் கொடுப்பது ராஜா இல்லை. ஊர். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்துக்காரர்களை அழைக்கிற ஊர். நடுவிலே உற்சாகம் தாங்காமல் ஒருத்தர் எழுந்து போய் ரூபாயை நீட்டினால், ஆட்டத்தை நிறுத்தி அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்வார்கள். ஆக, ராஜாவைக் கேலி செய்தால் நஷ்டமில்லை. ஊர்ப் பெரிய மனிதரைக் கேலி செய்தால்? அடுத்த வருஷம் தாம்பூலம் வேறு ஜமாவுக்குப் போய்விடும்.

நகைச்சுவையின் சரித்திரத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். யார் படியளக்கிறாரோ அவரைத் தவிர மற்ற எல்லாரையும் கிண்டல் செய்யலாம்.

கூத்துக்குப் பேர்போன புரிசை, செய்யாறு பக்கம் இருக்கிற கிராமம். திருவண்ணாமலை மாவட்டம். அதே மாவட்டத்தின் மேற்கு மூலையில் ஜவ்வாது மலை. மேலே ஏறினால் ஜமுனாமரத்தூர். நாம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். ஆனால் நேர்வழியில் போனால் சுவாரசியம் இல்லை. சென்னை, அமெரிக்கா, கோயமுத்தூர் என்று கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகலாம்.

*

கட்டியக்காரன் பட்டணத்துக்கு வந்தபோது அவனுக்குப் படியளந்தது சபா. 1976-ல் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரி வார்ப்பான ஓர் இளைஞர், எஸ்.வி.சேகரின் நாடகப்ரியா குழுவுக்கு ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தார். 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்.' நாடகம் ஓடிய ஓட்டத்தில் மோகன் என்கிற அவர் பெயருக்கு முன்னால் 'கிரேசி' நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. 1979-ல் சொந்தமாக கிரேசி கிரியேஷன்ஸ் ஆரம்பித்தார்.

சபாவுக்கு யார் வருவார்கள்? மயிலாப்பூரும் மாம்பலமும். எனவே ஜோக்குகளும் மயிலாப்பூர், மாம்பலம். தப்பென்று சொல்லவில்லை. சந்தா கட்டுகிறவர் யாரோ அவருக்குத்தானே சமையல்?

பிறகு ஓர் ஆச்சரியம் நடந்தது. கேசட். எண்பதுகளில் சேகரின் நாடகங்கள் ஆடியோ கேசட்டாக வந்தன. சபாவையே பார்த்திராத ஊர்களில், டீக்கடையிலும் டூரிஸ்ட் பஸ்ஸிலும் அவை ஓட ஆரம்பித்தன. மேடை இல்லை, நடிகர் முகம் இல்லை. வெறும் குரல், நடுநடுவே சபா ஜனங்களின் சிரிப்பு. ஒருத்தர் வாங்கினால் பத்துப் பேர் இரவல் வாங்கி டேப்பைத் தேய்த்தார்கள். ரசிகன் என்றால் பார்க்கிறவன் என்றுதான் அதுவரை அர்த்தம். இப்போது அவன் விநியோகஸ்தனாகவும் ஆகிவிட்டான், கமிஷன் வாங்காத விநியோகஸ்தன்!

அடுத்து டி.வி. 2000-களின் நடுவில் விஜய் டி.வி.யில் 'லொள்ளு சபா' வந்தது. ராம்பாலா இயக்கம். சந்தானம், ஜீவா, மனோகர், சுவாமிநாதன் என்று ஒரு பட்டாளம். பெரிய பெரிய ஹீரோக்களின் சூப்பர் ஹிட் படங்களையெல்லாம் எடுத்துவைத்துத் துவைத்துக் காயப்போட்டார்கள். செட் என்று சொல்லவே கூசும் ஒரு செட். அந்த ஏழ்மையே ஜோக்காகிப்போனது. நிகழ்ச்சி நின்று பல வருஷமான பிறகும் மீம் போடுகிற பையன்கள் இன்றும் மனோகர் கையை ஆட்டுவதைத்தான் தேடி எடுக்கிறார்கள்.

ஆனாலும் டி.வி. என்பது விளம்பரதாரர் வீடு. வாடகைக்குக் குடியிருக்கும் கட்டியக்காரன் வீட்டுக்காரரைப் பற்றி ஜோக் அடிக்க முடியாது. சொந்த வீடு வேண்டும். அது எங்கே கிடைத்தது?

*

கொஞ்சம் அமெரிக்கா போய் வரலாம்.

1988-ல் மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு சின்ன உள்ளூர் டி.வி. ஸ்டேஷன். அதில் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்று ஒரு நிகழ்ச்சி. ஒரு மனிதனும் இரண்டு பொம்மை ரோபோக்களும் உட்கார்ந்து, ஓடாத பழைய மட்டமான படங்களைப் பார்த்துக் கமென்ட் அடிப்பார்கள். அவ்வளவுதான். நம் ஊர் டென்ட் கொட்டகையில் பின் பெஞ்சு பையன்கள் இலவசமாகச் செய்த காரியம். கேபிள் டி.வி.க்குப் போயிற்று. ஒரு சேனல் 1996-ல் கைவிட்டது. இன்னொரு சேனல் எடுத்து 1999-ல் அதுவும் கைகழுவியது. ரசிகர்கள் விடவில்லை. வீடியோ கேசட்டில் பதிந்து பதிந்து ஊர் ஊராகச் சுற்றவிட்டார்கள். 2015-ல் நிகழ்ச்சியை உருவாக்கிய ஜோயல் ஹாட்ஜ்சன், 'மறுபடி எடுக்கிறேன், பணம் கொடுங்கள்' என்று ரசிகர்களிடம் இணையத்தில் துண்டை விரித்தார். சுமார் 48,000 பேர் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் போட்டார்கள். தலைக்கு 120 டாலர் சராசரி. பதினாறு வருஷம் மூடிக் கிடந்த கடைக்கு!

இன்னொன்று. பெலிசியா டே என்கிற நடிகை, கம்ப்யூட்டர் கேம் பைத்தியங்களைப் பற்றி ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதினார். டி.வி.க்கு ஒத்து வராது என்றார்கள். சரி போ என்று 2007 ஜூலையில் யூ டியூபில் 'தி கில்ட்' என்ற பெயரில் தானே வெளியிட்டார். மூன்று எபிசோடு எடுப்பதற்குள் கைக்காசு காலி. பார்த்த ரசிகர்கள் நன்கொடை அனுப்பினார்கள். அந்தக் காசில்தான் முதல் சீசனின் மிச்சம் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு மைக்ரோசாப்ட் தேடிக்கொண்டு வந்தது. தொடரின் உரிமையை மட்டும் அம்மணி விட்டுக்கொடுக்கவே இல்லை. 2013 வரை ஆறு சீசன்.

கவனியுங்கள். ஆட்டத்தை நிறுத்தி ரூபாயை நீட்டினாரே நம் ஊர்க்காரர், அதே காரியம். கடல் தாண்டி, கம்ப்யூட்டர் வழியாக.

*

நம் ஊரில் இதெல்லாம் நடக்க ஒரு தேதி உதவி செய்தது. 2016 செப்டம்பர் 5. ஜியோ அறிமுகமான நாள். அடுத்த மார்ச் வரை டேட்டா இலவசம் என்றார்கள். ஒரு ஜி.பி.யை மாசம் முழுக்க மோர் மாதிரி தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த தேசம், ஒரே நாளில் ஒரு ஜி.பி.யைக் காலி பண்ணப் பழகியது.

பார்க்க ஆள் வந்தால் நடிக்கவும் ஆள் வரும் அல்லவா? வந்தார்கள். கோபி, சுதாகர் என்று இரண்டு பேர் 'மெட்ராஸ் சென்ட்ரல்' சேனலில் 'பரிதாபங்கள்' செய்துகொண்டிருந்தார்கள். சேனல் அவர்களுடையது இல்லை. 2018 வாக்கில் வெளியே வந்து 'பரிதாபங்கள்' என்று தனியாகக் கடை போட்டார்கள். விக், துண்டு, ஒரு காலி ரூம். ரசிகர்கள் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டார்கள்.

கோயமுத்தூரில் ஒரு கோஷ்டி. நக்கலைட்ஸ். பெயரிலேயே நக்கல். அரசியல் கேலியில் ஆரம்பித்து, குடும்பத்துக்குள் புகுந்தார்கள். 2020-ல் 'அம்முச்சி' என்று ஒரு தொடர். கொங்கு நாட்டில் அம்மாவைப் பெற்றவள் அம்முச்சி. ஸ்டூடியோ கிடையாது. ஸ்டார் கிடையாது. நிஜத் தோட்டம், நிஜத் திண்ணை, 'ஏனுங், போச்சாதுங்' என்கிற நிஜப் பேச்சு.

ரசிகனாகவே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரில் என்னைக் கவிழ்த்தது ஜோக்குகள் அல்ல, ஜோக்குகளுக்கு நடுவில் இருக்கிற மௌனம். பாட்டி வெற்றிலை போடுகிறாள். யாரும் பேசுவதில்லை. பிறகு ஒரே ஒரு சொல். நீங்கள் சிரித்து முடிக்கும்போதுதான் தெரியும், அந்தச் சொல் உங்கள் பாட்டி சொன்னது என்று. கொங்குத் தமிழை சினிமா எத்தனையோ தடவை உபயோகித்திருக்கிறது. பெரும்பாலும் பண்ணையார் பேசுவார், அல்லது பண்ணையாரிடம் அடி வாங்குகிறவர் பேசுவார். இங்கே அந்தத் தமிழ் சும்மா வீட்டில் இருந்தது. பெண்ணைப் படிக்க வைப்பதா, கட்டிக் கொடுப்பதா என்று சண்டை போட்டது.

ரசிகர்கள் தூக்கிச் சுமந்தார்கள். இரண்டாம் சீசனை 2022-ல் ஆஹா தளம் வெளியிட்டது. இயக்கிய ராஜேஷ்வர் காளிசாமி 2025 ஜனவரியில் 'குடும்பஸ்தன்' எடுத்தார். பிரசன்னா பாலச்சந்திரனோடு சேர்ந்து எழுதியது. தியேட்டரில் ஜனம் நிரம்பியது.

சுபம் போட்டுவிடலாமா? இல்லை. நம் ஒரு வரிச் சரித்திரம் நினைவிருக்கிறதா? படியளக்கிறவரைக் கிண்டல் செய்ய முடியாது. இப்போது படியளப்பது ரசிகன். அப்படியானால் ரசிகனைக் கிண்டல் செய்ய முடியுமா?

2025 ஆகஸ்டில் கோபியும் சுதாகரும் அதைத்தான் செய்து பார்த்தார்கள். 'சொசைட்டி பாவங்கள்' என்று ஒரு வீடியோ. கேலிக்கு ஆளானது மந்திரி இல்லை, நடிகர் இல்லை. சாதிப் பெருமை பேசி அரிவாள் தூக்குகிறவனும், அவனை ஏற்றிவிடுகிற சொந்தபந்தமும். அதாவது, நேற்று வரை அவர்கள் ஜோக்குக்குச் சிரித்து ஷேர் செய்துகொண்டிருந்தவர்களில் ஒரு பகுதி. போலீசில் புகார் போனது. எதிர்ப்பு கிளம்பியது. அதைவிடப் பெரிதாக ஆதரவும் கிளம்பியது. கூத்துக்களத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர் எழுந்து முறைக்கிறார். பின்வரிசைக் கூட்டம், 'நீ பேசுப்பா' என்கிறது.

நல்ல ரசிகன் யார் என்பதற்கு எனக்குத் தெரிந்த இலக்கணம் இது. தன்னைப் பற்றின ஜோக் வரும்போதும் இடத்தை விட்டு எழுந்து போகாதவன்.

*

இப்போது மலை ஏறலாம்.

ஜமுனாமரத்தூர். சாமை, தேன், பலா. மலையாளிப் பழங்குடிகளின் பூமி. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள், மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று அவர்களுடைய வாய்மொழிக் கதை சொல்கிறது. இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் இருக்கிறது. 1986-ல் திறந்துவைத்த, 2.3 மீட்டர் குறுக்களவுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிற இடம். பல கோடி வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சத்தையே அங்கே பிடித்துவிடுகிறார்கள். செல்போன் சிக்னல்? மலை ஊர்களில் அதற்குப் பாறை ஏற வேண்டும். உயரமான மேடு பார்த்துக் கையைத் தூக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களில் ஒருத்தர் ரசிகராக இருப்பது சும்மா இல்லை. ஜியோ வருவதற்கு முன்னால் செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து, 'காமெடி ஏத்திக் குடுண்ணே' என்று காசு கொடுத்து வாங்கிப்போவார்கள். அதை ப்ளூடூத்தில் பத்துப் பேருக்குக் கொடுப்பார்கள். எண்பதுகளில் கேசட்டைச் சுற்றவிட்டவனும் அமெரிக்காவில் டேப்பைச் சுற்றவிட்டவனும் செய்த அதே வேலை.

ஆனால் அந்த மெமரி கார்டுக்குள் அவர்களைப் பற்றி என்ன இருந்தது? நம் சினிமா மலைவாசியைக் காமெடிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். இலை தழையைக் கட்டிவிட்டது. கையில் ஈட்டியைக் கொடுத்தது. 'ஜிங்கா ஜிங்கா' என்று புரியாத பாஷை பேசவைத்தது. முப்பாட்டன் காலம் முதல் தமிழ் பேசுகிற ஜனங்களை! எப்படித் துணிந்தார்கள்? அதே கணக்குதான். டிக்கெட் வாங்குகிற கூட்டத்தில் அவர்கள் எண்ணிக்கை குறைவு. படியளக்காதவனைப் பற்றி எதையும் சொல்லலாம்.

அம்முச்சி மேல் எனக்கு இருக்கிற பிரியத்துக்கு நிஜக் காரணம் இங்கேதான் வருகிறது. கோயமுத்தூர்ப் பையன்கள் சென்னையிடம் அனுமதி கேட்காமல், தங்கள் பாட்டியின் தமிழைத் தாங்களே படம் பிடித்தார்கள். தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள். ஒரு ஊர் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க ஆரம்பித்துவிட்டால், வெளியூர்க்காரன் அதைப் பார்த்து இஷ்டத்துக்குச் சிரிக்க முடியாது. கூச்சம் வந்துவிடும்.

ஜமுனாமரத்தூருக்கும் அந்த உரிமை உண்டு. ஒரு செல்போன், ஒரு பலாமரத்து நிழல், தேன் எடுக்கப் போன மாமனைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற ஒரு பாட்டி. முதலீடு அவ்வளவுதான். அந்தக் கதையில் அசட்டு டூரிஸ்டாக, கோடை விழாவுக்கு வந்து வழி தெரியாமல் முழிக்கிற பட்டணத்துக்காரனாக யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நாம்தான். வரட்டும். அன்றைக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்து சிரிக்கிறோமா என்று பார்ப்போம்.