நம்மட கஞ்சி யாருடைய சொத்து?



போன நோன்பில், பள்ளியில் கஞ்சி வாங்க வாளியோடு நின்ற மாணவன் ஒருவன் எங்களிடம் கேட்டான்: "சேர், ஒரு கம்பனிக்காரன் நம்மட கஞ்சிக்கு பேட்டன்ட் எடுத்தா நாம காய்ச்ச ஏலாதா?"

சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி பழையது. தென் இத்தாலியில் சிபாரிஸ் என்ற கிரேக்க நகரம் இருந்தது, கி.மு. 510 அளவில் அழிந்துபோனது. அங்கே ஒரு சமையல்காரர் புது உணவொன்றைக் கண்டுபிடித்தால், ஒரு வருடத்துக்கு வேறு யாரும் அதை ஆக்கக்கூடாதாம். பிலார்க்கஸ் என்ற வரலாற்றாசிரியர் சொன்னதாக அதனேயஸ் எழுதி வைத்திருக்கிறார். கதையாகவும் இருக்கலாம்.

எங்கள் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், கிடைக்க வேண்டுமென்றால் முறை புதிதாக இருக்க வேண்டும். அரிசியும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் உள்ளியும் ரம்பையும் போட்டுக் காய்ச்சுவதில் என்ன புதுமை? கம்பனிக்காரனுக்கும் கிடைக்காது, நமக்கும் கிடைக்காது.

சட்டம் அப்படிச் சொன்னாலும் பிழை நடப்பதுண்டு. 1995 இல் மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். மஞ்சளுக்கு! இந்தியாவின் விஞ்ஞான ஆய்வு மன்றம் பழைய சமஸ்கிருத நூலையும் 1953 இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரையையும் காட்டி வாதாடியது. 1997 இல் அது இரத்தானது. "எங்கட பாட்டி பூசினா" என்று வாயால் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது, எழுத்து இருந்தது.

ஊர்ப் பெயரைக் காக்க வேறு வழி உண்டு: புவியியல் குறியீடு. நமது கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கொடுத்தது. இலங்கைக்கு அதுதான் முதலாவது. சமைத்த உணவுக்கு ஹைதராபாத்தைப் பார்க்கலாம். அங்கே நோன்பு காலத்தில் ஆக்கும் ஹலீம் 2010 இல் இந்தியாவில் இந்தக் குறியீட்டைப் பெற்றது. அரபிகளின் ஹரீஸ் வழியில் வந்த உணவு அது. ஹலீம் ஆக்குபவர்களின் சங்கம் கூடி முறையை எழுதியது: ஆட்டிறைச்சி மட்டும், இறைச்சிக்கும் கோதுமைக்கும் 10க்கு 4 என்ற அளவு, சுத்தமான நெய், செம்புப் பாத்திரம், விறகடுப்பில் 12 மணித்தியாலம். இதில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் உண்டு. மாட்டிறைச்சியில் ஆக்கும் ஏழை வியாபாரி அந்தப் பெயரைப் போட முடியாதே.

நம் பக்கம் வருவோம். எந்த ஊர்க் கஞ்சி ருசி என்பதில் மருதமுனையும் சாய்ந்தமருதும் ஒத்துப்போகும் நாளை நாங்கள் காணப்போவதில்லை. அது போகட்டும், அளவாவது எழுதியிருக்கிறதா? வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னோம். முக்கால்வாசிக் கொப்பிகளில் "கையளவு", "கண்பார்வைக்கு" என்றே இருந்தது. ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: "உம்மும்மாவுக்குத்தான் தெரியும். அவ சுனாமியில மௌத்து. உம்மா குத்துமதிப்பா ஆக்குற."

2004 டிசம்பர் 26 இல் இந்தக் கரையில் எத்தனை கைப்பக்குவம் போனது என்று எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அந்தக் கொப்பிகளை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. பள்ளிகளில் கஞ்சி காய்ச்சும் மூத்தவர்களிடம் இந்த ஷஃபானில் தராசோடு போய் இருக்கப் போகிறோம். அரிசி எத்தனை கிலோ, தேங்காய் எத்தனை, இறைச்சி எப்போது போடுவது. உங்கள் மஹல்லாவில் யாரிடம் போகலாம் என்று சொல்லுங்கள்.