ஒரு நூல் எவ்வளவு?

எங்கள் தாத்தாவின் பட்டறை அரியலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், புளியமரத்தடியில் இருந்தது. கலப்பைக்குக் கொழு அடிப்பார், மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா மாட்டுவார். அவர் அளவெல்லாம் நூல் கணக்குத்தான். அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம் ஒரு நூல். “அரை நூல் கூடிப்போச்சுடா, ராவு” என்று அரத்தை என் கையில் கொடுப்பார்.

1983இல் திருச்சியை அடுத்த திருவெறும்பூர் ஐடிஐயில் டர்னர் பிரிவில் சேர்ந்தேன். எடுத்த எடுப்பில் லேத்தைத் தொட விடவில்லை. இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, நாள் முழுக்க ராவ வேண்டும். மாஸ்டர் அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் துண்டு திரும்பி வந்துவிடும். உள்ளங்கை கொப்புளித்தது. ஆனால் தாத்தா கொடுத்த அரத்தைப் பிடித்திருந்த கை என்பதால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் படிந்தது.

அரியலூர்ப் பையன் இதற்காக எழுபது கிலோமீட்டர் ஏன் போனான் என்றால், எங்கள் பக்கம் இயந்திரத் தொழில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1920களின் கடைசியில் திருச்சி பொன்மலைக்கு மாறியது. அதே காலத்தில் விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் கார்டு லைன் போட்டார்கள். அந்த லைனை ஒட்டியே 1939இல் டால்மியாபுரம் சிமெண்ட் ஆலை எழுந்தது. 1965இல் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆலைகள் தொழில் பழகுநர்களை எடுத்தே தீர வேண்டும் என்ற சட்டம் 1961இலேயே வந்திருந்ததால், ஐடிஐ முடித்தவன் ஓராண்டு உள்ளே போய்க் கற்றுக்கொள்ள வழி இருந்தது. அந்தச் சட்டத்துக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

பெரம்பலூருக்கு ரயில் வரவில்லை. இன்றுவரை அந்த ஊருக்கு நிலையம் கிடையாது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று மானாவாரியை நம்பிய பூமி. கைத்திறன் இல்லாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. அரும்பாவூர் மரச்சிற்பிகள் போதும். ஆனால் இரும்பைக் கடையக் கற்க விரும்பிய பையன் அங்கிருந்தும் திருச்சிக்குத்தான் பஸ் ஏறினான்.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் பழங்காலக் கடல் விட்டுப்போனது. உடைத்தால் சிப்பி தெரியும். அதை நம்பி 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு ஆலத்தியூர், ரெட்டிபாளையம், தளவாய் என்று புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன. நான் ஓர் ஆலையின் பணிமனையில் முப்பது வருடம் லேத் ஓட்டினேன். சிமெண்ட் சூளை என்பது சாய்வாகப் படுக்கவைத்த மாபெரும் இரும்புக் குழாய். உள்ளே 1,450 டிகிரி. அது உருளைகள்மேல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு பேரிங் சூடேறினால் மொத்த ஆலையும் நிற்கும். அந்த ராத்திரிகளில் மேனேஜரிலிருந்து காவலாளிவரை என் லேத்தைச் சுற்றி நின்றிருக்கிறார்கள்.

1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் அதிலிருந்து பிரிந்து, மறு ஆண்டே சேர்ந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. அலுவலகம் அங்குமிங்கும் மாறியதில் மக்கள் அலைந்தார்கள். ஆனாலும் கீழக்கணவாயிலும் கீழப்பழுவூரிலும் அரசு பாலிடெக்னிக் வந்ததே, அந்த ஒன்றுக்காகவே பிரித்தது சரி என்பேன்.

தம்பி மகள் இப்போது கீழக்கணவாயில் மெக்கானிக்கல் படிக்கிறாள். பெரம்பலூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. சிஎன்சிக்கு புரோகிராம் எழுதுகிறாள். அவளுக்கும் முதலில் அரத்தைத்தான் கொடுத்தார்களாம். போன பொங்கலுக்கு வந்தவள், தாத்தாவின் பித்தளை அடிக்கோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு நூல்னா எவ்வளவு பெரியப்பா?”

என் வெர்னியரை எடுத்துக் கொடுத்தேன். கோடுகளுக்கு நேரே முனைகளைத் திறந்து வைத்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

“மூணு புள்ளி ஒண்ணு எட்டு.”

அந்த வெர்னியர் 0.02 மில்லிமீட்டர்வரை காட்டும். தாத்தாவின் ஒரு நூலுக்குள் அப்படி நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கிறது. அவள் மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.