சாக்கடைச் சோஷலிசம்

1932ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் சோஷலிஸ்ட் கட்சியின் மகாநாடு கூடியது. 1916 முதல் அந்நகரின் மேயராயிருந்த டானியல் ஹோவன் அக்கட்சியினரே. அவருடைய சோஷலிசம் சாக்கடையைத் துப்புரவாக்குவதோடு முடிந்துவிடுகிறதென மொறிஸ் ஹில்குவிற் அம்மகாநாட்டிலேயே எள்ளி நகையாடினார். தலைவர் பதவிக்கு ஹில்குவிற்றை எதிர்த்து நிறுத்தப்பட்ட ஹோவன் தோற்றார். ஆயினும் அந்த ஏளனப் பெயரை மில்வோக்கித் தோழர்கள் பெருமையோடு சூடிக்கொண்டனர்.

அது எத்தகைய சாக்கடை என்று நாம் கேட்கவேண்டாமா? அந்நகரம் கழிவைக் கொட்டியதும் குடிநீர் அள்ளியதும் ஒரே மிச்சிகன் ஏரியில். நெருப்புக் காய்ச்சலுக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை. ஹோவன் காலத்தில் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பெருநிலையம் எழுந்தது. எஞ்சிய வண்டல் 1926 முதல் உரமாக விற்பனையாயிற்று. நகரசபையின் ஆதரவில் 105 கூட்டுறவு வீடுகளும் அமைந்தன. தொழிலாளியின் பிள்ளை நோயின்றி வளர்வதை அற்பமென்று தள்ள எமக்கு மனம் வரவில்லை.

ஆனால், ஆலைகளின் உடைமை கைமாறவில்லை என்ற கண்டனத்துக்கு அந்தச் சாக்கடை விடையாகாது. 1940இல் பதவியிழந்த ஹோவன், 1944இல் டெமோக்கிராற்றிக் கட்சி வேட்பாளராக ஆளுநர் தேர்தலில் நின்றார். அதைக் காண ஹில்குவிற் இல்லை, 1933இலேயே மறைந்துவிட்டார்.