ஒளியைச் சேமித்தவர்கள்: ஆழ்வானப் படக்கலையின் கதை

ஆசிரிய நண்பர்களே, "வானத்தைப் படம் பிடிக்கணும்னா பெரிய ஆய்வுக்கூடம் வேணுமே, நம்மால முடியுமா?" என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் பதில் கொஞ்சம் வியப்பாகவே இருக்கும். நெபுலா எனும் வாயு முகில்களையும் தொலைதூர விண்மீன் மண்டலங்களையும் முதன்முதலில் படமெடுத்தவர்கள் பலருக்கு வானியல் தொழிலே அல்ல. ஒருவர் மருத்துவப் பேராசிரியர். ஒருவர் சுகாதாரப் பொறியாளர். இன்னொருவர் கட்டட ஒப்பந்தக்காரர்.

கண்ணால் முடியாதது

நம் கண் ஒளியைச் சேமித்து வைக்காது. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் முதல் சில நிமிடங்களில் தெரிந்ததுதான் தெரியும். படத்தகடு அப்படியில்லை. உண்டியலில் காசு சேர்வதுபோல் ஒளி அதில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஆனால், தொடக்ககாலத் தகடுகள் ஈரமாக இருக்கும்போதே படமெடுத்தாக வேண்டும். சில நிமிடங்களில் காய்ந்துவிட்டால் கதை முடிந்தது. 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டை அறிமுகப்படுத்தினார். அது மேம்பட்ட பிறகுதான் நீண்ட நேரப் படங்களுக்கு வழி பிறந்தது.

மூன்று பேர், மூன்று படிகள்

1880 செப்டம்பர் 30ஆம் நாள், நியூயார்க் அருகே ஹென்றி டிரேப்பர் 11 அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவை 51 நிமிடங்கள் படமெடுத்தார். நெபுலா ஒன்றின் முதல் புகைப்படம் அதுதான். அவர் மனைவி அன்னாவும் இப்பணிகளில் உடனிருந்து உதவியவர். 1882இல் டிரேப்பர் 45 வயதில் காலமானார்.

அடுத்து இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன். லண்டனை அடுத்த ஈலிங்கில், தம் வீட்டுத் தோட்டத்திலேயே 36 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியை நிறுவினார். இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. முப்பது முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் வரும் தூரம் அது! தொலைநோக்கி அதே வேகத்தில் பின்தொடராவிட்டால் விண்மீன்கள் கோடு கோடாக இழுபடும். சுழலும் அச்சின் பாரத்தைக் குறைக்க அதைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார் காமன். 1883இல் அவர் எடுத்த ஓரியன் படத்தில், கண்ணால் காண முடியாத விண்மீன்களும் பதிந்திருந்தன. மறு ஆண்டு அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது.

மூன்றாமவர் ஐசக் ராபர்ட்ஸ். லிவர்பூல் அருகே மேகல் எனும் ஊரில், 20 அங்குலத் தொலைநோக்கியால் 1888இல் ஆண்ட்ரோமீடாவைப் படமெடுத்தார். வெறும் மங்கலான திட்டாகத் தெரிந்த அது, சுருள் வடிவம் கொண்டது என்று முதன்முறையாகத் தெரிந்தது.

படம் சரி, விளக்கம் தவறு

ஒரு சூரியக் குடும்பம் உருவாவதைத்தான் இந்தப் படம் காட்டுகிறது என ராபர்ட்ஸ் காலத்தவர் பலர் நினைத்தார்கள். 1923இல் எட்வின் ஹபிள் அதனுள் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டு தூரத்தைக் கணக்கிட்ட பிறகே, அது நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்பது தெளிவானது. இன்றைய கணக்கில் அதன் தூரம் சுமார் 2.5 மில்லியன் ஒளியாண்டு. சான்று ஒன்று, அதற்குத் தரும் விளக்கம் வேறொன்று என்பதை வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா?

எல்லாம் கண்டாகிவிட்டதா?

இல்லவே இல்லை! ஆண்ட்ரோமீடா உலகில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட வான்பொருள்களில் ஒன்று. அப்படியிருந்தும் 2022இல் டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், செயின்டி ஆகிய மூன்று அமெச்சூர் வானியலாளர்கள், அதன் அருகே ஆக்சிஜன் ஒளி வீசும் பெரிய வளைவு ஒன்றைக் கண்டார்கள். முழுநிலவைப்போல் மூன்று மடங்கு நீளம். ஆனாலும் அவ்வளவு மங்கல். ஆக்சிஜனின் குறிப்பிட்ட ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டு, பல இரவுகளில் 100 மணி நேரத்துக்கும் மேல் சேர்த்த படங்களில் அது தெரிந்தது. வேறு தொலைநோக்கிகளாலும் உறுதிசெய்த பின்னர், 2023 ஜனவரியில் ஆய்வுக்குறிப்பு வெளியானது. அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் ஆய்வில் உள்ளது.

உண்டியல் தத்துவம் இன்றும் அதேதான். நான்கு படங்களை அடுக்கினால் இரைச்சல் பாதியாகும். நூறு படங்களை அடுக்கினால் பத்தில் ஒன்றாகும். ஒரே இரவில் கிடைக்காததைப் பல இரவுகள் கொடுக்கும்.

நம் வானில்

நமக்கு இது எளிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ரோமீடா மாலையில் உயரே நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழைக்காலம். நகர விளக்கொளி வேறு! என்றாலும் இருண்ட இடமும் தெளிந்த இரவும் கிடைத்தால் வெறுங்கண்ணுக்கே ஒரு மங்கிய திட்டாகத் தெரியும்.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். மங்கிய அறையில் ஒரே காட்சியைக் கைப்பேசியால் முதலில் மிகக் குறைந்த நேரத்துக்கும், பிறகு கைப்பேசியை அசையாமல் நிறுத்திச் சில விநாடிகளுக்கும் படமெடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும். டிரேப்பர் ஏன் 51 நிமிடம் காத்திருந்தார் என்பதை மாணவர்களே உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.